பொருந்துவதெல்லாம் சரியல்ல: முதல் கணினியின் கேபிள்கள்

கணினியின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒன்று சேர்ப்பது இன்று பெரிய வித்தை அல்ல. மதர்போர்டு, செயலி, நினைவகம், சேமிப்பகம், பவர் சப்ளை, இவற்றைத் தாங்கும் கேசிங், தேவைப்பட்டால் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. மொத்தம் ஏழே பொருள்கள். கருவி என்றால் ஒரு திருப்புளி போதும். அப்படியிருந்தும் முதன்முறை முயல்பவர்களில் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். அவர்களை நிறுத்துவது பாகங்கள் அல்ல, கேபிள்கள்தாம். இடியப்பம்போல் சிக்கிக் கிடக்கும் கறுப்புக் கம்பிகளைப் பார்த்தவுடன், ‘மாற்றிச் செருகினால் எல்லாம் எரிந்துவிடுமோ?’ என்ற பயம் வந்துவிடுகிறது.

பயப்படுவதில் தவறில்லை. ஆனால், அந்தப் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. பார்ப்பதற்கு நம்மை மிரட்டும் சில கம்பிகளை மாற்றிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. சாதுவாகப் போய் உட்காரும் வேறு சில கேபிள்களோ வன்தட்டையே கொன்றுவிடும். எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் படிப்பது கணினித்துறை அன்று, பொருளியல். விடுதித் தோழிகளின் கணினிகள் இரண்டைப் பொருத்திய பிறகு, சென்ற நீண்ட விடுமுறையில் பொந்தியானில் உள்ள எங்கள் வீட்டில், படிவம் நான்கில் படிக்கும் என் தம்பிக்காக ஒன்றைப் பொருத்தினேன். பாகங்கள் எல்லாம் கூரியரில் வந்தவை. பக்கத்துப் பெரிய கடைகளைத் தேடினால் ஜொகூர் பாருவுக்குத்தான் போக வேண்டும். போக மட்டும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கடை மேசையில் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தரும் வசதி நமக்கு இல்லை. கோலாலம்பூருக்கு வெளியே வாழும் நம்மில் பலருக்கும் இதே நிலைதான். ஆகவே, கையில் எடுக்கும் ஒவ்வொரு கேபிளையும் புரிந்துகொண்டு செருகுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்தக் கேபிளை எடுத்தாலும் மூன்று கேள்விகள் போதும். ஒன்று, இது சுமப்பது மின்சாரமா, செய்தியா? இரண்டு, இதன் முனையின் வடிவம் தவறாகச் செருகுவதைத் தடுக்கிறதா? மூன்று, முழுவதும் உள்ளே போய்விட்டதா?

செய்தி சுமக்கும் கேபிளில் தவறு நேர்ந்தால், பெரும்பாலும் அந்தப் பாகம் வேலை செய்யாது, அவ்வளவுதான். மின்சாரம் சுமக்கும் கேபிளில் தவறு நேர்ந்தால் பாகம் போய்விடும். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். பவர் சப்ளை அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் வாழ்வது 12 வோல்ட்டில். யூஎஸ்பி கருவிகளுக்கு 5 வோல்ட். பழைய பவர் சப்ளைகளில் மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு தரை என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது வருபவற்றில் பல, அழகுக்காக எல்லாக் கம்பிகளையும் கறுப்பாக்கிவிட்டன. நிறம் பேசாத இடத்தில் முனையின் வடிவம்தான் நம்மோடு பேச வேண்டும்.

தொடங்கும் முன் சுவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கணினியை அணைத்தால் மட்டும் போதாது. பவர் சப்ளை சுவரோடு இணைந்திருக்கும் வரை மதர்போர்டுக்கு ஒரு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பலகையில் ஒரு சிறு விளக்கு எரிவதைக் கவனித்திருப்பீர்கள். அது அணைந்த பிறகே கை வைக்க வேண்டும். கேசிங்கின் வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் உடம்பில் தேங்கிய நிலைமின்னும் இறங்கிவிடும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

பெரிய வாயும் எட்டுக் காலும்

மதர்போர்டுக்குப் போகும் மின்கேபிள்கள் இரண்டு. முதலாவது, 24 கால்கள் கொண்ட அகலமானது. தம்பி அதற்கு வைத்த பெயர் ‘பெரிய வாய்’. 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்பில் இது 20 கால்களோடு பிறந்தது. 2003-இல் 24 ஆக வளர்ந்தது. சில பவர் சப்ளைகளில் 20-உம் 4-உமாகப் பிரிந்து வருவது இந்த வரலாற்றின் மிச்சம்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே முனையாகச் செருக வேண்டும்.

இதன் முனையை உற்றுப் பாருங்கள். சில துளைகள் சதுரமாகவும், சில துளைகள் மூலை மழுங்கியும் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கொக்கியும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து, ஒரே ஒரு திசையில்தான் நுழையும்படி செய்கின்றன. திருப்பிச் செருக நினைத்தாலும் முடியாது. ஆகவே, இங்கே பயம் வேண்டாம், பலம் வேண்டும். ஒரு கையால் பலகையின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு, நேராக அழுத்துங்கள். கொக்கி மேடையைத் தாண்டி ‘டக்’ என்று விழும் வரை அழுத்த வேண்டும்.

இரண்டாவது, செயலிக்கான எட்டுக் கால் கேபிள். வழக்கமாகப் பலகையின் மேல் இடது மூலையில், செயலிக்கு அருகில் இதன் இடம் இருக்கும். புதியவர்கள் மறந்துவிடும் கேபிள் இதுதான். இதைச் செருகாவிட்டால் விசிறிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. கேசிங்குக்குள் அந்த மூலையில் விரல் நுழைய இடம் இருக்காது. அதனால், பலகையைத் திருகி இறுக்கும் முன்பே இக்கேபிளைப் பின்பக்கமாக அந்த மூலைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிராஃபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் எட்டுக் கால்தான். பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஆனால், உள்ளே 12 வோல்ட்டும் தரையும் எதிரெதிர் வரிசைகளில் உள்ளன. செயலிக் கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும்; கார்டின் கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். முனையில் ‘சிபியு’ என்றோ ‘பிசிஐ-இ’ என்றோ அச்சிட்டிருப்பார்கள். துளைகளின் வடிவமும் வேறு. எனவே ஒன்று மற்றொன்றின் இடத்தில் எளிதில் நுழையாது. நுழையவில்லை என்றால், ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று நினைக்காதீர்கள். அது தவறான கேபிள் என்று வடிவமே சொல்கிறது.

அரைகுறையாக நுழைந்தால்

கிராஃபிக்ஸ் கார்டு தன் செருகுமிடத்தின் வழியாக அதிகபட்சம் 75 வாட் பெறும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனிக் கேபிள் தேவை. ஆறு கால் கேபிள் 75 வாட்டும், எட்டுக் கால் கேபிள் 150 வாட்டும் தரும்படி வகுக்கப்பட்டவை. 2022-இல் வந்த புதிய பதினாறு கால் முனையோ ஒன்றே 600 வாட் வரை கொடுக்கும்.

அந்த ஆண்டு அக்டோபரில், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இம்முனை உருகிய படங்கள் உலகெங்கும் பரவின. அடுத்த மாதம் அந்நிறுவனம், முனை முழுவதுமாக உள்ளே செருகப்படாததே பொதுவாகக் காணப்பட்ட சிக்கல் என்று விளக்கியது. வடிவமைப்பையே குறை சொன்னவர்களும் இருந்தார்கள். 2023-இல் முனையின் அமைப்பு திருத்தப்பட்டது. முழுவதும் நுழையாவிட்டால் மின்சாரம் ஓடாதபடி, நிலையை உணரும் நான்கு சிறு கால்களின் நீளத்தைக் குறைத்தார்கள்.

ஒரு பிளாஸ்டிக் முனை ஏன் உருக வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 வாட்டை 12 வோல்ட்டில் கொடுக்க 50 ஆம்பியர் வேண்டும். அதை ஆறு கால்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் எட்டு ஆம்பியருக்கு மேல். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் 2000 வாட் கெட்டிலில் ஓடுவதும் ஏறத்தாழ ஒன்பது ஆம்பியர்தான். கெட்டிலின் பிளக்கில் தடித்த பித்தளைக் கால்கள் இருக்கின்றன. இங்கே அதே அளவு மின்னோட்டம் ஊசி போன்ற ஒரு காலில் போகிறது! அந்த ஊசி பாதி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் வெப்பம் கூடும்.

செம்பனை ஆலையில் பல ஆண்டுகள் வயர்மேனாக வேலை செய்த என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் வியக்கவே இல்லை. “லூசா இருந்தா சூடாகத்தான்மா செய்யும். வீட்டுல சாக்கெட் கருகிப் போறதும் இதாலதானே?” என்றார். பல பக்கங்களில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு முனையையும் நான் செருக, அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். கொக்கி விழுந்த முனை இழுத்தால் வராது. நீங்களும் இப்படி இழுத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

சாதுவாக வந்து கொல்லும் கேபிள்

இப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடத்திற்கு வருகிறோம். சில பவர் சப்ளைகளில் கேபிள்கள் பெட்டியோடு ஒட்டியே இருக்கும். வேறு சிலவற்றில் அவற்றைத் தனியே கழற்றி மாட்டலாம். இவற்றை ‘மாடுலர்’ என்பார்கள். வேண்டிய கேபிளை மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் பலரும் விரும்பி வாங்குகிறார்கள்.

கேபிளுக்கு இரண்டு முனைகள். வன்தட்டு, மதர்போர்டு, கார்டு ஆகியவற்றில் செருகும் முனைக்கு உலகம் முழுவதும் ஒரே விதி. ஆனால், பவர் சப்ளையில் செருகும் மறுமுனைக்கு எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் 12 வோல்ட்டை வைக்கும் துளையில் மற்றொரு நிறுவனம் 5 வோல்ட்டையோ தரையையோ வைத்திருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளிலேயே வேறுபாடு இருக்கலாம். கொடுமை என்னவென்றால், முனையின் வடிவம் மட்டும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கும். கச்சிதமாக நுழையும், ‘டக்’ என்றும் விழும். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளிலும் அது தேறிவிடும்!

விடுதியில் என் அறைத் தோழிக்கு நடந்தது இதுதான். அவளுடைய கணினியின் பவர் சப்ளை பழுதாகிவிட்டது. சரிபார்த்துக் கொடுத்தவர் வேறு நிறுவனத்தின் பவர் சப்ளையை மாட்டினார். பழைய கேபிள்கள் ஏற்கனவே ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்ததால், அவற்றை அப்படியே புதிய பெட்டியில் செருகிவிட்டார். பொத்தானை அழுத்திய நொடியில் வன்தட்டு போய்விட்டது. 5 வோல்ட் வர வேண்டிய வழியில் 12 வோல்ட் வந்தால் வன்தட்டின் மின்பலகை தாங்காது.

போனது வன்தட்டு மட்டுமா? தமிழியல் படிக்கும் அவள், நாட்டார் வழக்காற்றுப் பாடத்திற்காகத் தன் பாட்டி பாடிய தாலாட்டுகளையும் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அவர் பேசியதையும் பதிவு செய்து அதில் வைத்திருந்தாள். பாட்டி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். எழுதி ஒப்படைத்த பணித்தாள் மட்டும் விரிவுரையாளரிடம் இருந்தது. பாட்டியின் குரல் இல்லை. புதிய வன்தட்டை யாரும் வாங்கிவிடலாம். அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதிகள் இரண்டு. ஒன்று, பவர் சப்ளையை மாற்றினால் அதன் கேபிள்கள் அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பவர் சப்ளையோடு வந்த கேபிள் அந்தப் பவர் சப்ளைக்கு மட்டுமே சொந்தம். மிஞ்சிய கேபிள்களை ஒரு பையில் போட்டு, எந்தப் பெட்டியோடு வந்தவை என்று எழுதி வையுங்கள். இரண்டு, திரும்பக் கிடைக்காத எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கணினியைத் திறக்கும் முன்பே இன்னொரு படி எடுத்துவிடுங்கள்.

செய்தி சுமப்பவை

2003-இல் சந்தைக்கு வரத் தொடங்கிய சாட்டா கேபிள், அதற்கு முன் இருந்த அகலமான நாடாக் கேபிளை விரட்டியது. நாற்பது கால்களின் வேலையை இது ஏழு கால்களில் செய்கிறது. முனை ஒரு மூலைபோல் வளைந்திருப்பதால் திருப்பிச் செருக முடியாது. பக்கவாட்டில் நெம்பினால் மட்டும் வன்தட்டின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். சாட்டாவில் மின்சாரத்திற்கென்று பதினைந்து கால்கள் கொண்ட வேறொரு முனை உண்டு. இரண்டையும் செருகினால்தான் வன்தட்டு தெரியும்.

இப்போது பரவலாகிவிட்ட எம்.2 சேமிப்பகத்திற்குக் கேபிளே இல்லை. மதர்போர்டிலேயே சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, ஒரு சிறு திருகால் நிறுத்திவிடலாம். முதன்முறை பொருத்துபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். இரண்டு கேபிள்களின் கவலை குறையும்.

மிரட்டும் பொடிக் கம்பிகள்

இனி, எல்லாரையும் நடுங்க வைக்கும் பகுதி. கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து அரிசியைவிடச் சற்றே பெரிய முனைகளோடு மெல்லிய கம்பிகள் தொங்கும். மின்பொத்தான், மீள்தொடக்கப் பொத்தான், மின்விளக்கு, வன்தட்டு விளக்கு என நான்கு வகை. இவை போய்ச் சேருவது மதர்போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள ஒன்பது ஊசிகளுக்கு. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. அதில் ஒன்று மட்டும் இருக்காது.

“அக்கா, இத மாத்தி வெச்சா வெடிச்சிடுமா?” என்று தம்பி கேட்டான். வெடிக்காது. காரணம் எளிது. பொத்தான் செய்வதெல்லாம் இரண்டு ஊசிகளை ஒரு கணம் ஒன்றோடொன்று தொட வைப்பதுதான். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு மட்டும் திசை உண்டு, ஏனெனில் அவை மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். மாற்றி மாட்டினால் விளக்கு எரியாது, அவ்வளவே. கழற்றித் திருப்பி மாட்டினால் எரியும்.

பல மதர்போர்டுகளில், இல்லாத ஊசி வலப்பக்கம் இருக்கும்படி வைத்துப் பார்த்தால், மேல் வரிசையில் இடமிருந்து முதல் இரண்டு மின்விளக்கு, அடுத்த இரண்டு மின்பொத்தான். கீழ் வரிசையில் முதல் இரண்டு வன்தட்டு விளக்கு, அடுத்த இரண்டு மீள்தொடக்கம். விளக்குகளின் நேர்முனை இடப்பக்கம். ஆனாலும் உங்கள் பலகையின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய கேபிள்கள் எல்லாம் வந்து மறைக்கும் முன், இந்தப் பொடிக் கம்பிகளை மாட்டிவிட்டால் கைக்கு இடம் கிடைக்கும்.

இவற்றின் அருகிலேயே முன்பக்க யூஎஸ்பிக்கும் ஒலிக்கும் உரிய இடங்கள் இருக்கும். இரண்டும் ஒன்பது ஊசிகள் கொண்டவை. ஆனால், இல்லாத ஊசியின் இடம் வேறு. யூஎஸ்பியில் அது ஓரத்தில் இருக்கும். ஒலியில் ஓரத்திற்கு அடுத்து உள்ளே இருக்கும். கேபிள் முனையில் அடைபட்டிருக்கும் துளையோடு ஒப்பிட்டால் புரிந்துவிடும். இங்கே வலிந்து அழுத்தக் கூடாது. யூஎஸ்பியில் 5 வோல்ட் ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். யூஎஸ்பி 3-க்கான பத்தொன்பது ஊசிகள் கொண்ட தடித்த முனையைக் கோணலாக அழுத்தினால் ஊசிகள் வளைந்துவிடும். நேராக வைத்து, மெல்ல இறக்க வேண்டும்.

விசிறியும் திரையும் இடியும்

செயலியின் மேலுள்ள விசிறியின் கேபிள் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய நான்கு ஊசிகளில்தான் போக வேண்டும். நான்காவது ஊசி வேகத்தைக் கட்டுப்படுத்தும். வேறு இடத்தில் மாட்டினால், விசிறி சுழன்றாலும் கணினி அதை உணராமல் எச்சரிக்கை காட்டி நின்றுவிடலாம்.

திரையின் கேபிளில் பலரும் ஏமாறுவார்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். மேலே மதர்போர்டில் இருக்கும் அதே வடிவத் துளையில் அன்று. அங்கே செருகினால் படமே வராமல் போகலாம். அல்லது விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்க, செயலியே படத்தை வரைந்துகொண்டிருக்கும். பொருந்துவதெல்லாம் சரியல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கடைசிக் கேபிள் சுவருக்குப் போவது. நம் நாட்டுப் பிளக்கின் மூன்றாவது கால் தரை இணைப்பு. அதைப் பயனற்றதாக்கும் இரண்டு கால் மாற்றிகளைக் கணினிக்குப் பயன்படுத்தாதீர்கள். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. பொந்தியான் போன்ற மேற்குக் கரை ஊர்களில், மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ரா’ புயற்காற்று விடியற்காலையிலேயே இடியோடு வந்து இறங்கும். மின்னெழுச்சித் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பலகை ஓரளவு காக்கும். ஆனால், இடிக்கும்போது பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றிவிடுவதற்கு ஈடான காவல் இல்லை.

பொத்தானை அழுத்தும் முன்

கேசிங்கின் கதவை மூடாமலேயே முதல் சோதனையைச் செய்யுங்கள். பெரிய வாய், எட்டுக் கால், கார்டின் கேபிள், செயலி விசிறி, மின்பொத்தான் ஆகிய ஐந்தையும் தொட்டுப் பார்த்து, மெல்ல இழுத்துப் பாருங்கள். பவர் சப்ளையின் பின்னால் உள்ள சிறு சுவிட்சையும் போடுங்கள். அழுத்தியும் ஒன்றும் அசையவில்லை என்றால் முதலில் அந்தச் சுவிட்சையும் மின்பொத்தானின் கம்பியையும் பாருங்கள். விசிறி சுழன்று படம் வரவில்லை என்றால் எட்டுக் காலையும், நினைவகத்தையும், திரைக் கேபிள் செருகிய இடத்தையும் பாருங்கள். கருகிய வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் சுவரில் அணைத்துவிடுங்கள்.

மதர்போர்டோடு வரும் கையேடுகளில் பல மொழிகள் இருக்கும். நான் பார்த்தவற்றில் தமிழ் இல்லை. ஆனால், அப்பாவிடமும் தம்பியிடமும் இவை அனைத்தையும் தமிழிலேயே சொல்ல முடிந்தது. ‘பெரிய வாய்’, ‘எட்டுக் கால்’ என்று நாங்கள் வைத்த பெயர்கள் எந்த அகராதியிலும் இருக்காது. அதனால் என்ன? அடுத்த முறை பவர் சப்ளையை மாற்ற நேர்ந்தால், கேபிள்களையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று தம்பிக்குத் தெரியும். ஏன் என்றும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் முதல் பாடம் படித்த நமக்கு, தெரிந்ததைத் தெரியாதவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் புதிதல்ல. உங்கள் வீட்டிலும் கணினியைத் திறக்கத் துடிக்கும் தம்பியோ தங்கையோ இருக்கலாம். திருப்புளியைக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அதற்கு முன், பாட்டியின் குரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, இன்னொரு படி எடுத்து வையுங்கள்.